ஏ போட்டால் நிற்கும், ஈ போட்டால் விற்கும்: ஆங்கில எழுத்துப் பிழைகள்

அச்சகத்துக்காரன்

நேற்று என் அச்சகத்திலிருந்து 800 அழைப்பிதழ்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின.

ஒரு பள்ளியின் ஆண்டு விழா அழைப்பிதழ். கனமான ஆர்ட் அட்டை, நான்கு வண்ணம், ஓரத்தில் தங்கக் கோடு. தலைமை வகிப்பவர் பெயருக்குக் கீழே ‘பிரின்சிபல்’ என்று பதவி. அந்தச் சொல்லின் வாலில் ஏ-எல் வந்தால் பள்ளி முதல்வர். எல்-ஈ வந்தால் கொள்கை, நெறி. எங்கள் அழைப்பிதழில் எல்-ஈ வந்துவிட்டது. விழாவுக்குத் தலைமை தாங்க ஒரு கொள்கையை அழைத்திருந்தோம்.

புரூஃபில் அவர்கள் கையெழுத்து இருக்கிறது, பேசியிருக்கலாம். ஆனால் அலுவலக உதவியாளர் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது மேலே இருந்த அழைப்பிதழில் சிவப்பு மையில் ஒரு வட்டம் மட்டும் போட்டிருந்தது. கூட ஒரு சொல் எழுதவில்லை. அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு வாதாட வாய் வரவில்லை. பாதிச் செலவை நானே ஏற்றுக்கொண்டு மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

கம்ப்யூட்டரில் பிழை காட்டும் வசதி இருந்தது. அது சிவப்புக் கோடு போடவே இல்லை. இரண்டும் அகராதியில் இருக்கிற சொற்கள்தானே, ஏன் போடப்போகிறது?

இப்படிக் காதுக்கு ஒன்றாகவும் கண்ணுக்கு வேறாகவும் இருந்து ஆளைக் கவிழ்க்கும் சொற்களை இந்த இணைய இழையில் எழுதுங்கள். ஒரு தாளில் அடித்து, கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும் டிடிபி பெண்ணின் திரைக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். இங்கே தமிழ் எழுத்து மட்டும்தான் என்பதால் ஆங்கில எழுத்துகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

முதல் சொல்லை நானே வைக்கிறேன்: ஸ்டேஷனரி. கடைசி ஆர்-ஒய்க்கு முன்னால் ஏ வந்தால் நகராமல் நிற்பது. ஈ வந்தால் பேனா, தாள், உறை முதலிய சரக்கு. பல வருடம் குழம்பிய பிறகு இப்படி மனத்தில் வைத்துக்கொண்டேன். ‘ஏ!’ என்று அதட்டினால் ஓடுகிறவன் நிற்பான். கடைக்காரர் என்றால் ஈ ஓட்டுவார்.

ஸ்பேனர்

ஈ ஓட்டுவது பிரமாதம். இனி எனக்கு மறக்காது.

என் பட்டறைப் பலகையில் ஏழு வருடமாகப் ‘பஞ்சர்’ தப்பாக இருக்கிறது என்று போன மாதம் ஒரு கல்லூரி மாணவி சொன்னாள். பெயின்டர் சி-எச்-ஈ-ஆர் என்று முடித்திருக்கிறார். அதற்குக் குத்துகிறவர் என்று பொருளாம். ஆணி ஏறிய ஓட்டைக்கு டி-யு-ஆர்-ஈ என்று முடிய வேண்டுமாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தாலும், காற்றுப் போன வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம்தான் வந்தாள்.

நான் நன்றாக அறிந்த சொல் பிரேக். வண்டியை நிறுத்துவதில் ஏ தனியாக வந்து கடைசியில் கே-ஈ. உடைவதிலும் முறிவதிலும் ஈயும் ஏயும் ஒட்டிக்கொண்டு வரும். ‘ஏ தனியே வந்தால் நிற்கும், ஈயும் ஏயும் சேர்ந்தால் உடையும்’ என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பில்லில் ‘பிரேக் ஷூ மாற்றியது’ என்பதை உடைகிற பிரேக்கில் எழுதிவிட்டால் படிக்கிற வாடிக்கையாளருக்கு வயிற்றைக் கலக்காதா?

மோட்டார் வாகன ஆய்வாளரை நாம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போமே, அதற்கு எந்தப் பிரேக் என்று கேட்காதீர்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டி கொண்டுபோகிறவர்கள் இரண்டு விதமாகவும் சொல்வார்கள்.

இரண்டாம் ஷிஃப்ட்

பஞ்சரில் வருகிற டி எந்த டி?

ஸ்பேனர்

டைகர் டி. டெல்லி டி இல்லை.

இரண்டாம் ஷிஃப்ட்

இதைத்தான் சொல்ல வந்தேன். தமிழில் எழுதினால் இரண்டு டி, இரண்டு பி. பாம்பே பியா, பாரிஸ் பியா என்று தொலைபேசியில் கத்துவதுபோல இங்கேயும் கத்த வேண்டியிருக்கிறது.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. இந்தக் கவலையெல்லாம் எதற்கு? நான் மென்பொருள் சோதிக்கிறவன். நீங்கள் இணையத்தில் ஓர் இணைப்பை அழுத்திப் புதிய பக்கத்துக்குப் போகும்போது, எங்கிருந்து வந்தீர்கள் என்று உங்கள் உலாவி அந்தப் பக்கத்துக்குச் சொல்லும். அந்தத் தகவலின் பெயர் ‘ரெஃபரர்’. ஆங்கிலத்தில் நடுவே இரண்டு ஆர் வரவேண்டிய சொல். உலாவியும் இணையதளமும் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு ஹெச்டிடிபி என்று பெயர். 1996இல் வெளியான அதன் ஆவணத்தில் ஓர் ஆர் விட்டுப்போன வடிவமே இடம்பெற்றது. அதற்குள் அதை நம்பி மென்பொருள்கள் எழுதப்பட்டுவிட்டன. அதனால் இன்றுவரை அந்தப் பிழையோடுதான் உலகத்து இணையம் ஓடுகிறது. திருத்தினால்தான் வேலை செய்யாது. ஓர் எழுத்து குறைந்ததால் என்ன கெட்டுவிட்டது?

அச்சகத்துக்காரன்

தம்பி, உங்கள் பிழையை இயந்திரம் படிக்கிறது. என் பிழையைப் பள்ளி முதல்வர் படிக்கிறார்.

கரும்பலகை

நான் 31 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவன். ஷிஃப்ட் தம்பி கேலியாகச் சொன்ன அந்த ரெஃபரர்தான் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த சொல். அதில் ஏன் இரண்டு ஆர் வரவேண்டும் என்பதற்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் எப்போதோ விடை இருக்கிறது. யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

கல் + எறிந்தான் எப்படிப் புணரும்? கல்லெறிந்தான். கால் + அடி? காலடி. முன்னதில் ல் இரட்டித்தது, பின்னதில் இல்லை. ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்று நன்னூலில் படித்திருப்பீர்கள். கல்லில் குறில், காலில் நெடில்.

இப்போது ஆங்கிலத்தைப் பாருங்கள். ரன் + இங். குறில், அதை அடுத்து ஒற்று, வருவது உயிர். ‘என்’ இரட்டுகிறது. ஸிட், ஸ்டாப், கட் எல்லாம் அப்படியே. ரீட் + இங், ஈட் + இங் இரண்டிலும் நெடில், இரட்டுவதில்லை. நன்னூலை எழுதிய பவணந்தியார் இங்கிலாந்துக்குப் போனதில்லை. ஆனாலும் நன்னூலை மனப்பாடம் செய்த பையனுக்கு ஆங்கில எழுத்து முறையின் பாதிக் குழப்பம் அந்த ஒரு சூத்திரத்தில் தீரும்.

தமிழில் ‘தனி’க்குறில் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. பகல் + இரவு பகலிரவுதான், பகல்லிரவு அல்ல. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் அழுத்தம் நிற்கிறது. நீளமான சொல்லில் கடைசி அசையை அழுத்திச் சொன்னால்தான் இரட்டும். ஒக்கர், பிகின், கமிட், ரெஃபர் எல்லாவற்றிலும் பின்னால்தான் அழுத்தம். அதனால் ஒக்கர்டு என்பதில் இரண்டு ஆர், பிகினிங் என்பதில் நடுவில் இரண்டு என், ரெஃபரர் என்பதில் இரண்டு ஆர். ஆஃபர், விஸிட், ஓப்பன் மூன்றிலும் முன்னால் அழுத்தம், இரட்டுவதில்லை. அந்த ஆவணத்தை எழுதியவர்கள் ரெஃபரை ஆஃபர்போல நடத்திவிட்டார்கள்.

நம்மவர்கள் இங்கே வழுக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழில் இரட்டை ஒற்று காதில் விழும். படம் வேறு, பட்டம் வேறு. பாடு வேறு, பாட்டு வேறு. அதனால் ஆங்கிலத்திலும் இரட்டை எழுத்தைக் காதால் தேடுகிறோம். அங்கே அது காதில் விழாது. அது முன்னால் இருக்கும் உயிரைத்தான் குறிலாக்கிக் காட்டும். டைனருக்கு ஓர் என், டின்னருக்கு இரண்டு. சூப்பருக்கு ஒரு பாரிஸ் பி, சப்பருக்கு இரண்டு. ஹோப்பிங் என்றால் நம்பிக்கை, ஹாப்பிங் என்றால் நொண்டியடிப்பது. நேர்முகத் தேர்வுக்கு மனுப்போட்டுவிட்டு ‘நல்ல பதிலுக்காக நொண்டியடித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதியவர்களின் கடிதங்களை நான் திருத்தியிருக்கிறேன்.

மெய்யெழுத்து

ஐயா, அப்படியென்றால் ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்’ என்பதையும் சேர்க்கலாமே? நாடு + இல்லை, நாடில்லை. ஆங்கிலத்தில் ஊமையாக நிற்கும் கடைசி ஈயும் அப்படித்தானே ஓடுகிறது? ரைட் + இங் சேர்ந்தால் ஈ போய்விடுகிறது. மெய்யெழுத்து வந்தால் ஓடாமல் இருந்துவிடுகிறது, ஹோப்ஃபுல் மாதிரி.

கரும்பலகை

அருமை. வகுப்பில் இதை நான் சொன்னதில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆர்கியுமென்ட், ட்ரூலி இரண்டிலும் மெய் வந்தும் ஈ ஓடிவிடுகிறது. மாணவர்கள் அதிகம் தவறுவது அங்கேதான். நோட்டீஸபிள், சேஞ்சபிள் இரண்டிலும் உயிர் வந்தும் ஈ ஓடாது. ஓடினால் சி ‘க’வாகவும் ஜி ‘க’வாகவும் கடுத்துவிடும். அந்த ஒலியைக் காக்க ஈ காவல் நிற்கிறது. ஒப்பீட்டை அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். இரண்டு மொழிக்கும் உறவு ஏதுமில்லை, மனப்பாடத்துக்கு உதவுகிறது, அவ்வளவுதான்.

மனுவும் நகலும்

நீதிமன்றத் தட்டச்சில் இருபது வருடம் ஓட்டியவன் நான். எங்கள் இடத்தில் ஓர் ஈ வராமல் இருப்பதுதான் மரியாதை. ஜட்ஜ்மென்ட் என்பதில் ஜிக்கும் எம்முக்கும் நடுவே பொது எழுத்தில் ஈ போடுகிற பழக்கம் பிரிட்டனில் உண்டு. தீர்ப்பு என்ற பொருளில் அங்கேயும் சட்ட எழுத்தில் ஈ போடுவதில்லை. நம் நீதிமன்றங்களும் அதே வழி. புதிதாக வருகிற ஜூனியர்கள் ஈ போட்டுக் கொண்டுவந்தால் நான் வாயைத் திறக்காமல் அடித்துவிடுவேன்.

தமிழில் எழுதும்போது மறைந்துவிடும் ஒரு ஜோடி கவுன்சில். சி-ஐ-எல் என்று முடிந்தால் மன்றம், சபை. எஸ்-ஈ-எல் என்று முடிந்தால் ஆலோசனை. வழக்குரைஞரையும் அப்படித்தான் குறிப்போம். தமிழ்ப் பேச்சில் இரண்டும் கவுன்சிலர்தான். வார்டில் குழாய் ரிப்பேருக்குப் போய்ப் பார்க்கிறவரும் கவுன்சிலர், மனம் சரியில்லை என்று போய்ப் பார்க்கிறவரும் கவுன்சிலர். எங்கள் பகுதியில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தின் பலகையில் மன்றத்து எழுத்து இருக்கிறது. உள்ளே போனால் தீர்மானம் நிறைவேற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்று. மனுவில் ‘மனுதாரர் தன் உரிமையை இழக்க நேரிடும்’ என்று வரவேண்டிய இடத்தில் ஒருவர் லூஸுக்கு இரண்டு ஓ போட்டுவிட்டார். ஓர் ஓ வந்தால் இழப்பது, இரண்டு ஓ வந்தால் தளர்ந்திருப்பது. உரிமை கழன்று ஆடுகிறது என்று ஆகிவிட்டது. எதிர்த்தரப்பு வழக்குரைஞர் எழுந்து, “முடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்” என்றார்.

கரும்பலகை

லூஸ் ஜோடியில் ஒலியும் வேறு, நகல் சார். இழப்பதில் வருவது இசட்டின் அதிர்வு. தளர்வில் வருவது எஸ். தமிழ் நாக்கில் இரண்டும் ஸ் ஆகிவிடுவதால் நமக்கு மட்டும் அது கூடுதல் தொல்லை. அட்வைஸிலும் இதே கதைதான். சி போட்டால் பெயர்ச்சொல், எஸ் போட்டால் வினைச்சொல். பிராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும் பிரிட்டன் எழுத்து முறையில் அதே வேறுபாடு. ஓட்டுநர் உரிமம் பெயர்ச்சொல், ஆகவே சி. அமெரிக்கர்கள் பிராக்டிஸில் எப்போதும் சி, லைசென்ஸில் எப்போதும் எஸ் என்று ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள்.

பனிக்கால யாழ்

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் வழக்கில் ‘டயர்’ என்று எழுதமாட்டோம், ‘ரயர்’ என்போம். அதனால் டைகர் டியா டெல்லி டியா என்ற உங்கள் சண்டை எனக்கு இல்லை. ரொறன்ரோ என்றே பாருங்கள், நீங்கள் டொரன்டோ என்பீர்கள்.

யாழ்ப்பாணத்தில் பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் படித்துவிட்டுக் கனடாவுக்கு வந்தேன். இங்கே நிலைமை இரண்டுங்கெட்டான். நிறத்துக்குப் பிரித்தானியர்போல ஓ-யு-ஆர். சென்ரருக்கும் பிரித்தானிய முறையில் கடைசியில் ஆர்-ஈ. காசோலைக்கு கியூ-யு-ஈ. வாகனத்தின் ரயருக்கு வந்தால் மட்டும் அமெரிக்கர்போல ஐ. பிரித்தானியாவில் அதற்கு ஒய். மகள் வீட்டுப்பாடத்தில் ஒய் போட்டாள். ஆசிரியை அடித்துவிட்டார். அடித்தது சரிதான், ஆனால் சொல்லிக்கொடுத்தது நான்.

வாத்தியார் ஐயாவின் சூத்திரத்துக்கு இங்கே ஒரு முரண்பாடும் உண்டு. பயணத்தைக் குறிக்கும் ‘ட்ராவல்’ முன்னால் அழுத்தம் பெறும் சொல். உங்கள் கணக்குப்படி இரட்டக்கூடாது. அமெரிக்கர்கள் இரட்டுவதில்லை. பிரித்தானியரும் கனடியரும் எல் என்றால் இரட்டியே தீருவார்கள்.

கரும்பலகை

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. எல் மட்டும் பிரிட்டனில் செல்லப்பிள்ளை.

மாத்திரைப் பெட்டி

மருந்துக்கடையிலிருந்து ஒரு சொல்: டயரியா. வயிற்றுப்போக்கு. மாநிலம் முழுக்க மருந்தாளுநர்கள் இதைச் சரியாக எழுதுகிறார்களா என்று பரீட்சை வைத்தால் எனக்கே பயம். நடுவில் ஆர்-ஆர்-எச், பிறகு பிரிட்டன் முறையில் ஓ-ஈ-ஏ, அமெரிக்காவில் ஈ-ஏ. அந்த ஆர்-ஆர்-எச் கிரேக்கத்திலிருந்து வந்த சொத்து. ரத்தப்போக்கைக் குறிக்கும் ஹெமரேஜிலும் அதே மூன்று எழுத்து வரும், சளியைக் குறிக்கும் கட்டாரிலும் வரும். உடம்பிலிருந்து ஏதோ ஒழுகினால் ஆர்-ஆர்-எச் என்று வைத்துக்கொண்டேன். அசிங்கமான வழிதான், ஆனால் மறப்பதில்லை.

அச்சகத்துக்காரன்

ரசீதுப் புத்தகம் அடிக்காத வாரம் இல்லை. ரிசீட் என்பதில் அந்தப் பாரிஸ் பி எதற்கு? வாசிப்பவர் எவரும் அதை உச்சரிப்பதில்லை. மாதம் ஒருவராவது அதை விட்டுவிட்டு எழுதிக் கொண்டுவருகிறார்.

கரும்பலகை

பெண் கொடுக்கிற வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்போம் அல்லவா? ஊமை எழுத்தைப் பற்றியும் அதன் சொந்தக்காரர்களிடம் விசாரிக்க வேண்டும். ரிசீட்டில் வாய் திறக்காத பி, ரிசெப்ஷனில் பேசும். கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் ஊமையாக இருக்கும் பாம்பே பி, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் டெபிட் கார்டில் உரக்கப் பேசும். கையெழுத்திடும் ஸைனில் கேட்காத ஜி சிக்னேச்சரில் கேட்கும். மஸிலில் கேட்காத சி மஸ்குலரில் கேட்கும். இலையுதிர்காலத்தைக் குறிக்கும் ‘ஆட்டம்’ என்ற சொல்லின் கடைசி ‘என்’ ஆட்டம்னலில் கேட்கும்.

உயிரெழுத்துக் குழப்பத்துக்கும் இது உதவும். டெஃபனிட்டில் நடுவே ஏவா ஐயா? உள்ளே ஃபைனைட் இருக்கிறது, ஆகவே ஐ. செபரேட்டில் நடுவே ஈயா ஏயா? ப்ரிப்பேரும் அதுவும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை, ஆகவே ஏ.

இரட்டை எழுத்திலும் இப்படி ஒன்று உண்டு. அக்காமடேஷனில் இரண்டு சி, இரண்டு எம். லாட்ஜ் பலகைகளில் சரியாக எழுதிய ஒன்றை நான் பார்த்தது அபூர்வம். அது இலத்தீனில் புணர்ந்த சொல். ‘ஆட்’ என்ற முன்னொட்டு சியைக் கண்டதும் தானும் சியாகத் திரிந்துவிடும். பொன் + குடம் பொற்குடம் ஆவதுபோல ஒரு திரிதல் விகாரம். பியைக் கண்டால் பி ஆகும், அப்பீல். எஸ்ஸைக் கண்டால் எஸ், அஸிஸ்ட். ஆரைக் கண்டால் ஆர், அரெஸ்ட். அடுத்து ‘காம்’ என்ற முன்னொட்டு எம்மில் முடிய, பின்னால் எம்மில் தொடங்கும் வேர் வந்தது. ஆகவே இரண்டு எம். கமிட்டியின் இரண்டு எம்மும் அதே கணக்கு. அதன் இரண்டு டி, முன்னே சொன்ன தனிக்குறில் கணக்கு.

ஈய எழுத்து

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். உறவு விசாரிப்பதில் ஏமாறுவதும் உண்டு வாத்தியாரே. தீவுக்கு ‘ஐலண்ட்’. அதில் ஊமை எஸ் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் எஸ் இல்லை. இலத்தீன் வழியில் வந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லுக்கு இது உறவு என்று நினைத்துக்கொண்டு படித்தவர்கள் பிற்காலத்தில் எஸ்ஸைச் செருகினார்கள். உங்கள் டெட்டில் உள்ள பியும் அப்படிச் செருகியதுதான். பிரெஞ்சு வழியாக வந்தபோது பி கிடையாது. இலத்தீன் வம்சத்தைக் காட்ட வேண்டும் என்று பின்னால் ஒட்டவைத்தார்கள். அந்த வம்சமாவது உண்மை. கடன் வாங்கிய சொல்லுக்கு ஓர் எழுத்து வட்டி. ‘கேன்’ என்பதன் இறந்தகாலமான ‘குட்’டில் எல் வந்தது இன்னும் மோசம். வுட்டுக்கும் ஷுட்டுக்கும் இருக்கிறதே என்று அதற்கும் போட்டார்கள்.

நான் ஈய எழுத்துக் கோத்தவன். எழுத்துகளை அடுக்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்துக் கட்டத்திலிருந்து எழுத்தைப் பொறுக்குகிறவனுக்கு ஒவ்வொரு ஊமை எழுத்தும் ஒரு கை நீட்டல். ஆங்கிலப் பெரிய எழுத்தை ‘அப்பர் கேஸ்’ என்கிறார்களே, அது எங்கள் பெட்டியின் மேல் தட்டு. சின்ன எழுத்து கீழ்த் தட்டு. இன்று கைப்பேசியில் தட்டுகிறவர்களும் எங்கள் பெட்டியைத்தான் சொல்கிறார்கள்.

ஆங்கிலம் இப்படிச் சிக்கிக்கொண்டதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அதற்குமுன் பல வருடம் பெல்ஜியம் பக்கத்தில் இருந்தவர். பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’டில் இருக்கும் எச், அந்தப் பக்கத்து ஃபிளெமிஷ் எழுத்துப் பழக்கம் அவர் அச்சுக்கூடம் வழியாக ஒட்டிக்கொண்டது என்பார்கள். இதைவிடப் பெரிய விபத்து ஒன்று. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தில் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறின. வாய் மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில் அச்சு எழுத்தை உறையவைத்துவிட்டது. பயணிகள் ஏறி முடிப்பதற்குள் பஸ் புறப்பட்டதுபோல. வீரனைக் குறிக்கும் ‘நைட்’, முழங்காலைக் குறிக்கும் ‘நீ’ போன்ற சொற்களில் முன்னால் நிற்கும் கே ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்த எழுத்து. ஒலி போன பிறகும் எழுத்து போகவில்லை.

திருத்தப் பார்க்காமல் இல்லை. அமெரிக்காவில் யு இல்லாத கலரைப் பரப்பியது நோவா வெப்ஸ்டர் போட்ட அகராதிகள்தான். 1906இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களுக்கு எளிய எழுத்தைக் கொடுத்து அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். பத்திரிகைகள் கிண்டலடித்தன, நாடாளுமன்றம் முரண்டு பிடித்தது, சில மாதத்தில் பின்வாங்கினார்.

நம் ஊரில் எழுத்துத் திருத்தம் நடந்தேறியது. ணா, றா, னா, ணை, லை என்று 13 எழுத்துகள் முன்பு வேறு உருவத்தில் இருந்தன. பெரியார் 1935இலேயே மாற்றி அச்சடித்தார். 1978இல் அரசாணை வந்தது. யானைத் துதிக்கைபோல மேலே வளைந்த பழைய ‘லை’ என் பெட்டியில் ஒரு கட்டம் முழுக்க இருந்தது. ஒரு நாள் காலையில் அதைக் கொட்டி உருக்கக் கொடுத்தோம். எடை போட்டவன் எத்தனை கிலோ என்றுதான் கேட்டான்.

மெய்யெழுத்து

எல்லாம் சரி, அவர்கள் மொழி எழுத்துக்கு நாம் இத்தனை பாடுபடுகிறோம். தமிழில் ‘வாழ்த்துகள்’ சரியா ‘வாழ்த்துக்கள்’ சரியா என்று பேனர் அடிக்கிறவர் ஒருவராவது கேட்கிறாரா? பதற்றத்தைப் ‘பதட்டம்’ என்று செய்தியிலேயே வாசிக்கிறார்கள். அவர்கள் நம் சொல்லை எழுதியபோது இவ்வளவு அக்கறை காட்டினார்களா? மிளகுத்தண்ணீரை ‘மல்லிகடானி’ ஆக்கி இரண்டு எல் போட்டார்கள். கட்டுமரத்தைக் ‘கேட்டமரான்’ ஆக்கினார்கள், எழுத்தும் போயிற்று, பொருளும் போயிற்று. நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அவர்களுடையது இரட்டை உடல் உள்ள உல்லாசப் படகு. சுருட்டு ‘செரூட்’ ஆனது.

அச்சகத்துக்காரன்

நம் பெயர்களை நாம் ஆங்கிலத்தில் எழுதப்போய்ப் பட்ட பாடு மறந்துவிட்டதா? 2020 ஜூனில் 1018 ஊர்களுக்குத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வெளியானது. கோயம்புத்தூருக்கு நடுவில் டி-எச்சை இரட்டித்து, வேலூருக்கு ஈயையும் ஓவையும் இரட்டித்து, பார்க்கிறவர்களுக்கு மூச்சு வாங்கியது. அன்று மதியமே ஒருவர் லெட்டர்பேடுக்கு ஆர்டர் கொடுத்தார். நான்தான் இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ரூஸ்வெல்ட்டை விட வேகம்.

இரண்டாம் ஷிஃப்ட்

கேலி செய்ய வந்தவன் தாள் எடுத்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று என் சோதனை அறிக்கையில் ‘ஒக்கரன்ஸ்’ என்று அடித்தேன். இரண்டு சி, இரண்டு ஆர். கை தானாக நின்று, கல்லெறிந்தான் என்று சொல்லிக்கொண்டது. பக்கத்து இருக்கைக்காரர் யாரை எறிந்தாய் என்று கேட்டார்.

வாத்தியார் ஐயா, ப்ரனன்சியேஷன்?

கரும்பலகை

ப்ரனவுன்ஸில் ஓ-யு உண்டு. ப்ரனன்சியேஷனில் ஓ போய்விடும், யு மட்டும். உச்சரிப்பைக் குறிக்கும் சொல்லையே தப்பாக உச்சரித்துத் தப்பாக எழுதுகிறோம். ஆசிரியர்களே அதிகம். நானும் ஐந்து வருடம் அப்படித்தான் நடத்தினேன். அந்த ஐந்து வருடத்துப் பிள்ளைகள் எங்கிருந்தாலும் மன்னிக்கவும்.

மாத்திரைப் பெட்டி

கல்யாணச் சாப்பாட்டு மெனு அட்டை அடிக்கிறவர்கள் கவனிக்கவும். கடைசியில் ஐஸ்கிரீம், பழக்கலவைக்கு மேலே ‘டெஸர்ட்’ என்று போடும்போது நடுவில் இரண்டு எஸ். ஒன்று போட்டால் பாலைவனம். போன வாரம் 21 வகைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மண்டபத்தில் எங்களுக்குப் பாலைவனம் பரிமாறினார்கள்.

அச்சகத்துக்காரன்

தாள் தயாராகிவிட்டது. 46 சொற்கள். டிடிபி பெண் படித்துப் பார்த்துவிட்டு, “ஈ ஓட்டுவது இருந்தால் போதும், மற்றதைக் கேட்டுக்கொள்கிறேன்” என்றாள். ஆனாலும் ஒட்டிவிட்டேன்.

ஸ்பேனர் அண்ணா, பலகை என்ன ஆயிற்று?

ஸ்பேனர்

பெயின்டரை வரவழைத்தேன். ஏழு வருடத்துக்கு முன் எழுதியவர்தான். நான் கைப்பேசியில் காட்டியதை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகப் பார்த்து எழுதினார். பஞ்சர் சரி. பிரேக்கும் சரி, ஏ தனியாகத்தான் இருக்கிறது. 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் அந்த மாணவி வந்தாள். பலகையை நிமிர்ந்து பார்த்துப் பாராட்டினாள். பிறகு கீழே தமிழில் இருந்த வரியைப் படித்துவிட்டு மறுபடி சிரித்தாள். ‘பஞ்சர் பார்க்கபடும்’ என்று இருக்கிறது. நடுவில் ஒரு ப் இல்லையாம்.

பெயின்டருக்குப் போன் செய்தேன். ஒற்றுக்கு வந்தால் பெட்ரோல் காசு தனி என்கிறார்.